எவ்வளவு போதும், எதற்கு மேல் கூடாது: பெரியம்மாவின் மாத்திரை டப்பாவை வைத்து ஒரு கணக்கு

பொங்கல் நோம்பி முடிந்த வாரம் நம்பியூர்ப் பக்கம் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். காபித் தம்ளரைக் கொடுத்துவிட்டு உள்ளே போனவர், பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். "இத்தனை வருஷம் மருந்துக்கடையில் நின்றவனாயிற்றே கண்ணு, இதில் எதைச் சாப்பிட வேண்டும், எதை விட வேண்டும் என்று பார்த்துச் சொல்."

திறந்தால் ஏழு அட்டைகள். அவற்றில் மூன்று கால்சியம். முழங்கால் வலிக்குப் போனபோது எலும்பு மருத்துவர் எழுதியது ஒன்று. கிறுகிறுப்பு வந்து வேறொரு மருத்துவரிடம் போனபோது, முதல் அட்டையைப் பற்றித் தெரியாமல் அவர் எழுதியது இரண்டாவது. மூன்றாவது, பெங்களூரில் வேலை பார்க்கும் பேரன் பாசத்தோடு வாங்கி அனுப்பியது. போதாக்குறைக்கு நெஞ்செரிச்சலுக்கு மென்று தின்னும் வில்லைகள். அவையும் கால்சியம் கார்பனேட்தான். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒன்றிலும் தப்பில்லை. எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டியவர்தான் யாரும் இல்லை.

கோபிசெட்டிபாளையத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் மருந்துக்கடையில் நின்றவன் நான். சத்து மாத்திரைகளை விற்ற பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் ஒரு நாளைக்கு ஒரு சத்து எவ்வளவு வேண்டும், எதற்கு மேல் போகக்கூடாது என்பதை ஒரு வீட்டில் உட்கார்ந்து எப்படிக் கணக்கிடுவது என்று இங்கே எழுதுகிறேன். ஒரு நோட்டு, பேனா, சமையலறைத் தராசு, வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளும் வேண்டும். எல்லா அட்டைகளும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். தலையணைக்கு அடியில் இருப்பதும் சேர்த்தி.

மூன்று எண்கள்

சத்து அளவுப் பட்டியலைப் பார்க்கும் முன்பு அதிலிருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு சத்துக்கும் பொதுவாக மூன்று எண்கள் உண்டு.

முதலாவது சராசரித் தேவை. ஒரே வயதும் ஒரே பாலும் உடைய ஆரோக்கியமான நூறு பேரை எடுத்துக்கொண்டால், அதில் ஐம்பது பேருக்கு இந்த அளவு போதும். மீதி ஐம்பது பேருக்குப் போதாது. இரண்டாவது பரிந்துரை அளவு. இது நூற்றுக்கு 97, 98 பேருக்குப் போதும்படி உயர்த்தி வைத்த எண். மூன்றாவது உச்ச வரம்பு. தினமும் இந்த அளவு வரை, ஆண்டுக்கணக்கில் எடுத்தாலும் ஏறக்குறைய யாருக்கும் கெடுதல் வராது என்று நம்பத்தக்க அதிகபட்சம் அது.

பரிந்துரை அளவைக் குறைந்தபட்சம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். "ஆயிரம் மில்லிகிராம் வேண்டும் என்று போட்டிருக்கிறது, எனக்குத் தொள்ளாயிரம்தான் வருகிறது" என்று பதறி வந்தவர்கள் என் கடையிலேயே உண்டு. தொள்ளாயிரம் அவருக்குப் போதுமானதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதே போல, உச்ச வரம்பை எட்டிப்பிடிக்க வேண்டிய இலக்காக நினைப்பவர்களும் உண்டு. அது வேலி. வேலி வரைக்கும் உழுதே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இந்தியர்களுக்கான எண்களை ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சார்பில் வெளியிடுகிறது. 2020இல் வந்த பட்டியலில்தான் சராசரித் தேவையும் உச்ச வரம்பும் முதல் முறையாகப் பரிந்துரை அளவோடு சேர்ந்து இடம்பெற்றன. அந்த நிறுவனம் பிறந்தது ஹைதராபாத்தில் அல்ல, நமக்கு மேலே இருக்கும் மலையில். மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறினால் போய்ச் சேரும் குன்னூரில், 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற அயர்லாந்தில் பிறந்த மருத்துவர், நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோயை ஆராய ஓர் அறையில் தொடங்கியது அது. 1958இல்தான் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. பச்சரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டித் தின்ற இடங்களில் பெரிபெரி வந்தது; புழுங்கல் அரிசி தின்ற இடங்களில் அவ்வளவாக இல்லை. நெல்லை வேகவைக்கும்போது தவிட்டிலிருக்கும் தயமின் (வைட்டமின் பி1; இது குறைந்தால்தான் பெரிபெரி வரும்) அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதுதான் காரணம். புழுங்கல் சோறு கனக்கிறது என்று முகம் சுளிக்கும் இளவட்டங்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பலனில்லை.

எண் எங்கிருந்து வருகிறது

இரும்புச்சத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒரு முறை காகிதத்தில் போட்டுப் பார்த்தால் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும்.

நம் உடலிலிருந்து தினமும் கொஞ்சம் இரும்பு கழிந்துபோகிறது. தோல் உதிர்வதில், குடலின் உள்சுவர் உதிர்வதில், இப்படி. ஒரு கிலோ எடைக்கு 14 மைக்ரோகிராம் என்பது கணக்கு. பட்டியலில் மாதிரி ஆணின் எடை 65 கிலோ. 65ஐ 14ஆல் பெருக்கினால் 910 மைக்ரோகிராம், அதாவது 0.91 மில்லிகிராம். இழப்பது இவ்வளவுதான் என்றால் ஒரு மில்லிகிராம் தின்றால் போதுமே? போதாது. ஏனென்றால் நம் சோறு, களி, பருப்பில் இருக்கும் இரும்பில் நூற்றுக்கு எட்டுப் பங்குதான் உடலில் சேர்கிறது. தானியத்திலுள்ள ஃபைட்டேட்டும் டீயிலுள்ள துவர்ப்பும் மீதியைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. 0.91ஐ 0.08ஆல் வகுத்தால் 11 சொச்சம். பட்டியலில் ஆணின் சராசரித் தேவை 11 மில்லிகிராம் என்றுதான் இருக்கிறது.

மாதிரிப் பெண்ணின் எடை 55 கிலோ. அடிப்படை இழப்பு 0.77. மாதவிலக்கில் போகும் இரும்பை முப்பது நாளுக்குப் பங்கிட்டுச் சேர்த்தால் மொத்தம் 1.2 அளவுக்கு வரும். அதை 0.08ஆல் வகுத்தால் 15. பெண்ணின் சராசரித் தேவை 15.

இனிப் பரிந்துரை அளவு. எல்லாருக்கும் தேவை ஒரே மாதிரி இல்லை. சராசரிக்கு மேலும் கீழுமாகப் பரவியிருக்கிறது. பெரும்பாலான சத்துகளுக்கு அந்தப் பரவல் பத்து விழுக்காடு என்று வைத்துக்கொண்டு, அதைப் போல இரண்டு மடங்கைச் சராசரியோடு கூட்டுகிறார்கள். சுருங்கச் சொன்னால் சராசரித் தேவையை 1.2ஆல் பெருக்குகிறார்கள். ஆணின் துத்தநாகத் தேவை சராசரி 14, பெருக்கினால் 16.8, பட்டியலில் 17. வைட்டமின் சி 65, பெருக்கினால் 78, பட்டியலில் 80. புரதத்தில் பரவல் சற்று அதிகம், அதனால் கிலோவுக்கு 0.66 கிராம் என்பது 0.83 கிராமாக ஏறுகிறது.

ஆனால் பெண்ணின் இரும்புக்கு இந்த வாய்பாடு செல்லாது. 15ஐ 1.2ஆல் பெருக்கினால் 18. பட்டியலிலோ 29 இருக்கிறது. அச்சுப்பிழை இல்லை. மாதவிலக்கில் இழப்பு எல்லாருக்கும் சராசரியை ஒட்டி இருப்பதில்லை. பலருக்குக் குறைவு, சிலருக்கு மிக மிக அதிகம். அந்தச் சிலரையும் உள்ளே இழுத்துப் போட வேண்டுமென்றால் எண்ணை அவ்வளவு தூரம் தள்ளித்தான் வைத்தாக வேண்டும். என் மருமகள் இந்த 29ஐப் பார்த்துவிட்டு, "மாமா, இவ்வளவு இரும்பைச் சாப்பிட முருங்கை மரத்தையே முறித்துத் தின்ன வேண்டும்போல" என்றாள். அவளுக்கு நான் சொன்னது முதலில் ஒரே ஒரு காரியம்தான்: சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போடு, கீரைக்கு எலுமிச்சை பிழிந்துகொள். எட்டுப் பங்கு சேர்வது பத்துப் பங்காக ஏறினாலே, தின்ன வேண்டிய அளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

உச்ச வரம்பு எப்படி வருகிறது

இதற்கு வேறு வழி. கெடுதல் எந்த அளவில் தொடங்குகிறது என்று மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் தேடுகிறார்கள். கெடுதல் தெரியாத அதிகபட்ச அளவு கிடைத்தால் அதையும், கிடைக்காவிட்டால் கெடுதல் தெரிந்த குறைந்தபட்ச அளவையும் எடுத்துக்கொண்டு, தயக்கத்துக்கு இடம் விட்டு ஓர் எண்ணால் வகுக்கிறார்கள்.

பவானிசாகர் அணை 105 அடி. ஆனாலும் மழைக்காலத்தில் 102 அடியைத் தொட்டதுமே உபரி நீரை ஆற்றில் திறந்துவிடுகிறார்கள். அந்த மூன்று அடி ஏன் என்று கீழ்ப்பவானி விவசாயி யாரும் கேட்பதில்லை. மலையில் இரவு எவ்வளவு கொட்டும் என்று யாருக்குத் தெரியும்? வகுக்கும் எண்ணும் அந்த மூன்று அடிதான். தெரியாதது அதிகமென்றால் அந்த எண்ணும் பெரிதாகும்.

துத்தநாகத்தைப் பாருங்கள். மாத்திரையில் 50, உணவில் சுமார் 10, ஆக 60 மில்லிகிராம் தினமும் போனபோது உடலில் செம்புச்சத்தின் நிலை சரிந்தது தெரிந்தது. 60ஐ 1.5ஆல் வகுத்து 40 என்று வைத்தார்கள். இரும்பில் கெடுதல் வயிற்றுப் பிரட்டலும் மலச்சிக்கலும். 70இல் தெரிந்தது, 1.5ஆல் வகுத்து 45. வைட்டமின் டியில் நாளுக்கு 10,000 யூனிட் வரை கெடுதல் தெரியவில்லை. ஆனாலும் நீண்ட காலச் சான்று போதாது என்று 4,000க்கு இறக்கிவைத்தார்கள். ஃபோலிக் அமிலத்தின் கதை தனி. அது நேரடியாகக் கெடுப்பதில்லை. பி12 குறைவால் வரும் இரத்தசோகையை மறைத்துவிடுகிறது, நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். அங்கே தயக்கம் அதிகம். அதனால் 5 மில்லிகிராமை ஐந்தால் வகுத்து ஒரு மில்லிகிராம் என்று வைத்தார்கள். முட்டை, மாமிசம் தொடாத வீடுகளில் இதை மறக்கவே கூடாது.

சில வரம்புகள் மாத்திரைக்கு மட்டும் பொருந்தும், உணவுக்குப் பொருந்தாது. இது தெரியாமல் குழம்பியவர்களில் நானும் ஒருவன். அமெரிக்கப் பட்டியலில் 30 வயது தாண்டிய ஆணுக்கு மக்னீசியம் பரிந்துரை அளவு 420 மில்லிகிராம். உச்ச வரம்போ 350. வேண்டியதைவிட வரம்பு குறைவாக இருப்பதெப்படி என்று ஒரு நாள் மதியம் முழுக்கத் தலையைச் சொறிந்தேன். 350 என்பது மாத்திரையாகவும் உப்பாகவும் எடுப்பதற்கு மட்டும். கம்பிலும் கீரையிலும் கடலையிலும் வருவதற்கு வரம்பு இல்லை. வைட்டமின் ஏ விஷயத்திலும் இப்படி ஒரு பிரிவு உண்டு: 3,000 மைக்ரோகிராம் வரம்பு ஈரலிலும் மாத்திரையிலும் வரும் ரெட்டினாலுக்குத்தான். பப்பாளி, முருங்கைக்கீரையின் மஞ்சள் நிறச்சத்து அதில் சேராது. வாரம் ஒரு நாள் ஆட்டு ஈரல் வறுவல் தின்பவர் பயப்பட வேண்டாம். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் இருப்பவர் மட்டும் ஈரலை ஒதுக்கிவிடலாம்.

சில சத்துகளுக்கு உச்ச வரம்பே எழுதப்படவில்லை. பி12 அப்படி ஒன்று. வரம்பு இல்லை என்றால் எவ்வளவும் எடுக்கலாம் என்று பொருளில்லை. வரம்பு வைக்கும் அளவுக்குக் கெடுதலைக் காட்டும் சான்று இல்லை என்று மட்டுமே பொருள்.

வரம்பு தினசரி சராசரிக்குரியது என்பதை நான் கற்றுக்கொண்டது வெட்கப்பட வேண்டிய ஒரு வழியில். ஒரு பொங்கல் நெரிசலில், விசைத்தறி வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் ஒருவருக்கு 60,000 யூனிட் வைட்டமின் டி பொட்டலம் நான்கு கொடுத்தேன். சீட்டில் வாரம் ஒன்று என்று எழுதியிருந்தது. நானும் வாயால் சொன்னேன். ஆனால் சில்லறை எண்ணிக்கொண்டே சொன்னேன். ஐந்தாம் நாள் வந்து, "ஏனுங்க அண்ணா, அந்தப் பால் பொடி தீர்ந்துவிட்டது, இன்னும் நான்கு கொடுங்கள்" என்றார். எனக்கு அடிவயிற்றில் குளிர் பரவியது. நான்கு நாளில் 2,40,000 யூனிட். உடனே அவருடைய மருத்துவரிடம் பேசினேன். பொட்டலத்தை நிறுத்திவைத்து, இரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொன்னார். நல்லவேளையாக அளவு சரியாக இருந்தது. இந்த வைட்டமின் கொழுப்பில் தங்கி மெல்ல வெளிவருவது. அதனால்தான் வாரம் ஒன்று, மாதம் ஒன்று என்று கொடுக்க முடிகிறது. வாரம் ஒரு பொட்டலம் என்றால் நாளுக்கு 8,570 யூனிட். அதுவே வரம்பைத் தாண்டியதுதான். ஆனால் குறைபாட்டைச் சரிசெய்ய மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் கொடுப்பது. மாதம் ஒன்று என்று மாறியதும் நாளுக்கு 2,000 ஆகிவிடும். அன்றிலிருந்து கடையில் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் "வியாழன்" என்று பேனாவால் எழுதித்தான் கொடுத்தேன். புளியம்பட்டிச் சந்தை நாளை எங்கள் பக்கத்தில் மறப்பவர் கிடையாது.

வீட்டில் கணக்குப் போடும் முறை

ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தலையில் வயது, எடை, கர்ப்பமா, பாலூட்டுகிறாரா, சிறுநீரகக் கல் அல்லது வேறு நோய் உண்டா என்று எழுதுங்கள். பட்டியலிலுள்ள எண்கள் ஆரோக்கியமானவர்களுக்கு எழுதப்பட்டவை. சிறுநீரகம் பழுதானவருக்கு அந்தப் பக்கத்தை நீங்கள் நிரப்ப வேண்டாம், அவருடைய மருத்துவர் நிரப்பட்டும்.

எல்லாச் சத்துகளையும் கணக்கெடுக்க முயன்றால் மூன்றாம் நாள் நோட்டு பரணுக்குப் போய்விடும். ஒருவருக்கு இரண்டு, மூன்று சத்து போதும். வயதானவருக்குக் கால்சியமும் வைட்டமின் டியும். வீட்டுப் பெண்களுக்கு இரும்பு. உடற்பயிற்சிக் கூடம் போகும் பையனுக்குப் புரதமும் துத்தநாகமும். உப்பை மட்டும் வீட்டுக்கே சேர்த்துப் பாருங்கள்: மாதம் வாங்கும் உப்பைத் தலைக்கும் நாளுக்கும் வகுத்தால், ஆளுக்கு ஐந்து கிராமுக்குள் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஊறுகாயும் அப்பளமும் அந்தக் கணக்கில் வராமல் தப்பித்துக்கொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள்.

உணவை எடைபோடும்போது சமைப்பதற்கு முன்பு போடுங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச்சத்து அட்டவணையில் எண்கள் பச்சைப் பொருள் 100 கிராமுக்குத்தான். சோறாக வெந்தபின் எடைபோட்டு அரிசியின் எண்ணால் பெருக்கினால் கணக்கு இரண்டு, மூன்று மடங்கு ஊதிவிடும். நான் முதலில் செய்த தப்பு அதுதான். ஒரு நாள் முழுக்க எங்கள் வீட்டில் எல்லாரும் பயில்வான்களாக இருந்தோம்.

ஒரே நாளைப் பார்க்காதீர்கள். சனிக்கிழமை ரசஞ்சோறு, ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி. ஏழு நாளும் எழுதி ஏழால் வகுங்கள்.

அரிசிம்பருப்பை எடுத்துக்கொள்வோம். எங்கள் வீட்டில் மூன்று தம்ளர் அரிசிக்கு ஒரு தம்ளர் துவரம்பருப்பு. ஒரு ஆள் சாப்பாட்டுக்கு 120 கிராம் அரிசி, 40 கிராம் பருப்பு என்று வைத்தால், அரிசியில் ஒன்பதரைக் கிராம் புரதம், பருப்பில் எட்டேமுக்கால், ஆக பதினெட்டு. அரிசிப் புரதத்தில் குறையும் லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பருப்பு ஈடுசெய்கிறது. 55 கிலோப் பெண்ணுக்குப் பரிந்துரை 46 கிராம். ஒரு வேளையிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வந்துவிட்டது. இரவில் கொள்ளுப் பருப்போ பச்சைப்பயறு கடைசலோ, நடுவில் ஒரு முட்டையும் தயிரும் என்றால் பொடி டப்பாவுக்கு வேலையில்லை.

அடுத்து மாத்திரைகள். ஏமாறும் இடம் இதுதான். கால்சியம் கார்பனேட் 1,250 மில்லிகிராம் என்று அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும். அதில் உடலுக்குக் கிடைக்கும் கால்சியம் 500தான். கார்பனேட்டில் நூற்றுக்கு நாற்பது பங்குதான் கால்சியம். பல அட்டைகளில் "எலிமென்டல்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இந்தச் சின்ன எண் இருக்கும். அதைத்தான் எழுத வேண்டும். துத்தநாக சல்பேட் 61.8 மில்லிகிராம் என்றால் துத்தநாகம் 22.5. மில்லியும் மைக்ரோவும் ஆயிரம் மடங்கு வித்தியாசம், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். வைட்டமின் டி சில அட்டைகளில் மைக்ரோகிராமில் இருக்கும். ஒரு மைக்ரோகிராம் 40 யூனிட்.

இனிப் பெரியம்மாவின் பக்கம். காலையில் 60 கிராம் ராகி மாவில் களி. 100 கிராமுக்கு 360 அளவில் கால்சியம் என்றால் 220 மில்லிகிராம். பாலும் தயிருமாக 300 மில்லி, அதில் 360. வாரம் மூன்று நாள் ஐம்பது கிராம் முருங்கைக்கீரை, நாளுக்குப் பங்கிட்டால் 65. பருப்பு, காய், மோர் என்று ஒரு நூறு. உணவில் மட்டும் 745. மூன்று கால்சியம் மாத்திரைகளும் தலா 500, ஆக 1,500. நெஞ்செரிச்சல் வில்லையில் 500 மில்லிகிராம் கார்பனேட், அதாவது கால்சியம் 200. நாளுக்கு மூன்று தின்கிறார், 600. கூட்டினால் 2,845.

இந்தியப் பட்டியலில் வயது வந்தவர்களுக்கு உச்ச வரம்பு 2,500. ஐம்பது தாண்டியவர்களுக்கு அமெரிக்கப் பட்டியல் 2,000 என்று இன்னும் இறக்கியிருக்கிறது. பெரியம்மா இரண்டையும் தாண்டி நின்றார். "அதனால்தான் மலச்சிக்கலோ?" என்று கேட்டார். இருக்கலாம். கல் உண்டாகும் வாய்ப்பும் கூடுகிறது.

சரி, அவருக்கு எவ்வளவு வேண்டும்? அந்த வயதுப் பெண்களுக்கு அமெரிக்கப் பட்டியல் சொல்லும் 1,200ஐயே எடுத்துக்கொள்வோம். 1,200இல் 745 கழித்தால் 455. ஒரு மாத்திரை போதும். மற்ற இரண்டும் உபரி. இந்தக் கழித்தல்தான் முறை: வேண்டியதிலிருந்து உணவில் வருவதைக் கழி, மீதிக்கு மட்டும் மாத்திரை, பிறகு எல்லாவற்றையும் கூட்டி வரம்போடு ஒப்பிடு.

கணக்கை நானாக முடிக்கவில்லை. நோட்டையும் டப்பாவையும் எலும்பு மருத்துவரிடமே கொண்டுபோனோம். அவர் பக்கத்தைப் படித்துவிட்டு ஓர் அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு, நெஞ்செரிச்சலுக்கு வேறு மருந்து எழுதினார். உங்கள் வீட்டிலும் மருத்துவர் எழுதியதை நீங்களாக நிறுத்தாதீர்கள். கூட்டுத்தொகையைக் காட்டுங்கள், பெரும்பாலும் அதைப் பார்க்கும் வாய்ப்பே அவருக்குக் கிடைத்திருக்காது.

தங்கை மகன் கதை இதைவிடச் சுருக்கம். கோவையில் பொறியியல் படிக்கிறான், 72 கிலோ. புரதம் 60 கிராம் போதும். பயிற்சி செய்கிறான் என்று கொஞ்சம் கூட்டிக்கொண்டாலும் அவன் அம்மா கட்டிக்கொடுப்பதிலேயே ஒப்பேறும். சிக்கல் துத்தநாகத்தில். பயிற்சிக் கூடத்தில் கொடுத்த மாத்திரையில் 30, தானாக வாங்கிய மல்டிவைட்டமின் மாத்திரையில் 22.5, சாப்பாட்டில் பத்து. 62.5. வரம்பு 40. "மாப்பிள்ளை, செம்பு போய்விடும்" என்றேன். "செம்பா மாமா? எங்கள் வீட்டில் பித்தளைதான்" என்று சிரித்தான். இரண்டையும் நிறுத்திவிட்டான் என்று அவன் அம்மா சொன்னாள்.

வரம்பைத் தாண்டினாலும் சரியாக இருக்கும் இடமும் உண்டு. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் இரும்பு 60 மில்லிகிராம், வரம்பு 45. பயந்து நிறுத்திவிடாதீர்கள். இரத்தசோகை பரவலாக உள்ள இடத்தில், தெரிந்தே, குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கும் அளவு அது. 45 என்பது எந்தக் குறையும் இல்லாதவர் தானாக வாங்கித் தின்பதற்குப் போட்ட வேலி.

நூறு பேருக்குச் சமைப்பவர்களுக்கு, அதாவது திருப்பூர்ப் பக்கம் விடுதி நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சராசரியாக ஆளுக்கு இவ்வளவு போகிறது என்று பார்த்து, அது பரிந்துரை அளவைத் தொட்டுவிட்டதால் எல்லாருக்கும் சரி என்று முடிவுகட்டக் கூடாது. ஒவ்வொருவரும் எவ்வளவு சாப்பிடுகிறார் என்று எழுதி, சராசரித் தேவைக்குக் கீழே எத்தனை பேர் என்று எண்ணுங்கள். நூற்றில் இருபது பேர் கீழே என்றால், ஏறக்குறைய இருபது பேருக்குப் போதவில்லை என்று கொள்ளலாம். பெண்களின் இரும்புக்கு மட்டும் இந்த எண்ணிக்கை பொய் சொல்லும். மேலே சொன்ன அதே காரணம்தான்.

பக்கத்தை ஒரு முறை எழுதிவிட்டு விட்டுவிடாதீர்கள். புது அட்டை ஒன்று வீட்டுக்குள் வரும்போதெல்லாம் கூட்டலைத் திருத்துங்கள். கர்ப்பம், பிரசவம், அறுபது தாண்டுவது, எடை ஐந்து கிலோ மாறுவது, இவையெல்லாம் புதுப் பக்கம் தொடங்கும் நேரம்.

மாசியில் மறுபடியும் நம்பியூர் போனபோது டப்பாவைக் கேட்டு வாங்கித் திறந்தேன். கால்சியம் ஓர் அட்டை மட்டும் இருந்தது. மற்ற இரண்டும் எங்கே என்று கேட்டேன். "காசு போட்டு வாங்கியதைத் தூக்கிப்போட மனம் வருமா கண்ணு? பக்கத்து வீட்டு அத்தைக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கும் முழங்கால் வலிதான்" என்றார். நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.